அயோவா காக்கஸ் கூட்டத்துக்கு முதன்முறையாகச் செல்கிறேன்: அனுபவம் உள்ளவர்களின் வழிகாட்டல் வேண்டும்

புதுக்குடிமகள் (மேற்கு டி மோயின்), 2020 ஜனவரி 16

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்று, வாக்காளராகவும் பதிவு செய்துவிட்டேன். வரும் பிப்ரவரி 3, திங்கட்கிழமை இரவு 7 மணிக்கு எங்கள் வட்டாரத்துக்கான ஜனநாயகக் கட்சியின் காக்கஸ் (கட்சியினர் நேரில் கூடித் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்) கூட்டம் அருகிலுள்ள பள்ளியின் உள்விளையாட்டு அரங்கில் நடைபெற இருக்கிறது. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பணி நாட்டிலேயே முதலில் இங்கேதான் தொடங்குகிறது என்பதால், நவம்பர் மாதத்திலிருந்து வீட்டுக் கதவு தட்டப்படாத வார இறுதியே இல்லை எனலாம்.

சென்னையைச் சேர்ந்த தாய்க்குப் பிறந்தவர் என்ற பற்றும், செனட் விசாரணைகளில் அவர் கேட்ட கேள்விகளின் கூர்மையும் சேர்ந்து, கமலா ஹாரிஸுக்கே ஆதரவு தருவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் டிசம்பர் 3 அன்று போட்டியிலிருந்து விலகிவிட்டார். இப்போது எலிசபெத் வாரன் பக்கம் மனம் சாய்ந்திருக்கிறது, ஆனால் உறுதியாகவில்லை. டி மோயின் ரெஜிஸ்டர் நாளிதழின் இம்மாதக் கருத்துக்கணிப்பில் சாண்டர்ஸ் 20, வாரன் 17, புட்டிஜெஜ் 16, பைடன் 15 விழுக்காடு என்று நால்வரும் நெருங்கி நிற்கிறார்கள். எனவே யாருக்கு ஆதரவு என்பதை மேம்போக்காக முடிவு செய்ய எனக்கு விருப்பமில்லை.

என் தயக்கம் வேறோர் இடத்தில் இருக்கிறது. நான் திருநெல்வேலி மாவட்டத்தில் வளர்ந்தவள். வாக்குச்சாவடியில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று வாக்களிப்பதும், யாருக்குப் போட்டோம் என்பதை வீட்டில்கூடச் சொல்லாமல் இருப்பதும் எங்களுக்கு ஊறிப்போன வழக்கம். அந்த இரகசியத்தால்தான் ஊரில் எளியவர்கள் தங்கள் விருப்பப்படி வாக்களிக்க முடிந்தது என்று என் தந்தை சொல்வார். இங்கோ, அரங்கின் ஒரு மூலையில் வேட்பாளரின் பெயர்ப்பலகைக்குக் கீழே எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும் என்கிறார்கள். என் அலுவலக மேலாளர் இதே வட்டாரத்தில்தான் குடியிருக்கிறார். அவர் வேறொரு வேட்பாளருக்காக வீடு வீடாகச் செல்பவர் என்பதும் எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் உண்மையில் என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும், நாம் நிற்கும் அணிக்குப் போதிய ஆள் சேராவிட்டால் என்ன செய்வது, பேசத்தான் வேண்டுமா என்பவற்றை விளக்கினால் பேருதவியாக இருக்கும். என் கணவர் இன்னும் பச்சை அட்டையில்தான் இருக்கிறார். அவரையும் ஆறு வயது மகளையும் உடன் அழைத்துச் செல்லலாமா என்பதையும் தெரிவியுங்கள்.

---

ஏம்ஸ்வாசி, 2020 ஜனவரி 16

வணக்கம் சகோதரி. 2008-இலும் 2016-இலும் நான் இக்கூட்டங்களில் கலந்துகொண்டிருக்கிறேன். விதிகளில் சில இந்த ஆண்டு மாறியிருப்பதால், பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சென்றால் குழப்பம் வரும்.

முதலில் கதவருகே வரிசை. 7 மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் உங்களை உள்ளே அனுமதித்தே ஆக வேண்டும். அதற்குப் பின் வருபவர் எண்ணிக்கையில் சேரமாட்டார். ஆனாலும் ஆறேகாலுக்கே போய்விடுங்கள், ஏனெனில் கட்சியை மாற்றிப் பதிவோரும் புதிதாகப் பதிவோரும் அங்கேயே படிவம் நிரப்புவதால் வரிசை மெதுவாகத்தான் நகரும். நவம்பர் 3-க்குள் 18 வயது நிறையும் பதினேழு வயதினரும் பங்கேற்கலாம் என்பதால் பள்ளி மாணவர்களையும் அங்கே காண்பீர்கள்.

உள்ளே நுழைந்ததும் ஓர் அட்டை தருவார்கள். இதுதான் இந்த ஆண்டின் பெரிய மாற்றம். அட்டையின் ஒரு பக்கத்தில் முதல் விருப்பத்தையும், மறுபக்கத்தில் இறுதி விருப்பத்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். 2016-இல் ஹிலாரி கிளிண்டனும் சாண்டர்ஸும் ஏறத்தாழ சமமாக முடிந்தபோது, மறுபடியும் எண்ணிப் பார்க்கத் தாளே இல்லை என்ற மனக்குறை பலருக்கும் இருந்தது. அதற்கான விடையாகவே இந்த அட்டை வந்திருக்கிறது. எனவே அதைத் தொலைத்துவிடாதீர்கள், அடுத்தவரிடம் கொடுத்தும் வைக்காதீர்கள்.

கூட்டம் தொடங்கியதும் தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுப்பார்கள், கடிதங்களை வாசிப்பார்கள், கட்சி நிதிக்காக ஓர் உறை கைமாறிக்கொண்டே வரும். பின்னர் வந்திருப்போரின் மொத்த எண்ணிக்கையை அறிவித்து, ஓர் அணி நிலைப்பதற்கு எத்தனை பேர் தேவை என்று சொல்வார்கள். பெரும்பாலான வட்டாரங்களில் அது 15 விழுக்காடு; மாவட்ட மாநாட்டுக்கு மூன்று பிரதிநிதிகளை மட்டும் அனுப்பும் வட்டாரத்தில் ஆறில் ஒரு பங்கு; இரண்டு பிரதிநிதிகள் என்றால் 25 விழுக்காடு. எல்லோரும் தங்கள் வேட்பாளரின் பெயர்ப்பலகை அருகே சென்று நிற்பார்கள், எண்ணப்படுவார்கள். வரம்பை எட்டிய அணியினர் இம்முறை அங்கேயே நிலைத்துவிட வேண்டும். 2016 வரை அவர்களும் இடம் மாறலாம் என்றிருந்தது. எட்டாத அணியினருக்கு மட்டுமே இரண்டாம் வாய்ப்பு. அவர்கள் நிலைத்த அணி ஒன்றில் சேரலாம், தங்களுக்குள் இணைந்து ஓர் அணியை வரம்புக்கு மேல் கொண்டுவரலாம், அல்லது இருந்த இடத்திலேயே இருந்துவிடலாம்.

அந்த இடைவேளைதான் காக்கஸின் உயிர். 2008 ஜனவரி 3 இரவு எங்கள் வட்டாரத்தில் ஒரு சிறு வேட்பாளரின் அணி வரம்பை எட்டவில்லை. உடனே ஒபாமா, எட்வர்ட்ஸ், ஹிலாரி ஆகிய மூன்று அணிகளிலிருந்தும் ஆட்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அணியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒவ்வொருவரிடமும் ஈராக் போரைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டு, விடைகளைப் பொறுமையாகக் கேட்டு முடித்து, கடைசியில் ஒபாமா அணிக்கு நடந்து சென்றார். அவரைப் பார்த்து மேலும் சிலர் பின்தொடர்ந்தார்கள். தொலைக்காட்சி விளம்பரத்தால் ஆகாத ஒன்றை அண்டை வீட்டார் ஒருவரின் விடை செய்து முடித்ததை அன்று என் கண்ணால் கண்டேன்.

மேலாளரைப் பற்றிய உங்கள் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. பார்க்கத்தான் செய்வார். இங்குள்ளோர் இதற்குப் பழகியவர்கள், மறுநாள் காலை அதைப் பற்றிப் பேசாமலே வேலையைப் பார்ப்பார்கள் என்பதே என் அனுபவம். ஆயினும் எல்லா மனிதர்களுக்கும் நான் பிணை நிற்க முடியாது. எந்த வேட்பாளரையும் சாராதோர் என்றும் ஓர் அணி உண்டு. 1976-இல் இம்மாநிலத்தில் முதலிடம் பெற்றதே அந்த அணிதான். ஜிம்மி கார்ட்டர் அதற்கு அடுத்த இடத்தில்தான் வந்தார். எனவே அங்கே நிற்பது ஒதுங்கிப்போவதாகக் கருதப்படாது.

பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நேரம், ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி வரை ஆகலாம்.

---

கணக்கர் (சீடர் ரேப்பிட்ஸ்), 2020 ஜனவரி 17

ஏம்ஸ்வாசி அவர்கள் நடைமுறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். எண்ணிக்கை எப்படிப் பிரதிநிதிகளாக மாறுகிறது என்பதை நான் சேர்க்கிறேன். அது தெரிந்தால்தான் இரண்டாம் சுற்றில் நீங்கள் எடுக்கும் முடிவின் எடை புரியும்.

ஒரு வட்டாரத்தில் 200 பேர் வந்திருக்கிறார்கள், அந்த வட்டாரம் மாவட்ட மாநாட்டுக்கு 8 பிரதிநிதிகளை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 30 பேர். முதல் சுற்றில் ஆறு அணிகளில் முறையே 66, 50, 34, 22, 16, 12 பேர் நிற்கிறார்கள். முதல் மூன்று அணிகள் நிலைத்துவிட்டன. 22 பேர் கொண்ட நான்காவது அணிக்கு இன்னும் 8 பேர் வேண்டும். கடைசி இரு அணிகளின் 28 பேரில் 10 பேர் அதற்கு வந்தால் 32 ஆகிவிடும். மீதிப் பேர் பிரிந்து சென்று முதல் மூன்று அணிகள் 70, 58, 40 என்று ஆகின்றன என்போம். இப்போது ஒவ்வோர் அணியின் எண்ணிக்கையையும் 8-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் 2.8, 2.32, 1.6, 1.28 என்று வரும். முழு எண்ணாக்கினால் 3, 2, 2, 1. அதே நான்காவது அணி 29 பேரோடு நின்றுபோயிருந்தால் அதற்கு ஒன்றுமே கிடையாது. ஓர் ஆள் கூடுதலாக வந்தால் ஒரு பிரதிநிதி, வராவிட்டால் சுழியம். உங்கள் அணி வரம்பின் விளிம்பில் இருந்தால், இந்த நாட்டில் உங்கள் ஒரு தலைக்கு அன்று இரவு இருக்கும் மதிப்பு வேறெந்தத் தேர்தலிலும் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வட்டாரத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பது, முந்தைய அதிபர், ஆளுநர் தேர்தல்களில் அங்கே ஜனநாயகக் கட்சி பெற்ற வாக்குகளைக் கொண்டு முன்னதாகவே வகுக்கப்பட்டுவிட்டது. அன்று இரவு எத்தனை பேர் திரண்டாலும் அந்த எண்ணிக்கை அதிகரிக்காது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய வட்டாரத்தில் மாணவர்கள் அலையலையாக வந்தால், ஒவ்வொருவரின் பங்கும் குறையும். ஆள் குறைவாக வரும் ஊர்ப்புற வட்டாரத்தில் ஒவ்வொருவரின் பங்கும் கூடும். ஒரு வேட்பாளருக்கு மாநிலம் முழுவதும் பரவலாக ஆதரவு இருப்பதும், சில இடங்களில் மட்டும் குவிந்து இருப்பதும் ஒரே பயனைத் தருவதில்லை.

ஆகவே, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டாவது விருப்பத்தையும் மூன்றாவது விருப்பத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே சத்தத்திலும் நெருக்கடியிலும், யார் கையைப் பிடித்து இழுக்கிறாரோ அவர் பின்னால் போய்விடும் நிலை ஏற்படலாம்.

---

இரவுப்பணி (அயோவா சிட்டி), 2020 ஜனவரி 17

மேலே எழுதியவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த முறையின் மறுபக்கத்தை யாராவது சொல்லியாக வேண்டும்.

நான் செவிலியர். 2016-இல் அந்த இரவு எனக்குப் பணி இருந்ததால் கலந்துகொள்ள முடியவில்லை. இந்த முறையும் அதே நிலைதான். தொலைவாக்குக் கிடையாது, முன்கூட்டியே வாக்களிக்கவும் வழி இல்லை, காலையில் போய்விட்டு வரவும் முடியாது. குளிர்காலத்தின் நடுவில், ஒரு திங்கட்கிழமை இரவில், குறிப்பிட்ட இரண்டு மணி நேரத்தை ஒதுக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இந்தக் கதவு திறக்கிறது. கைக்குழந்தையோடு இருப்பவர், நடக்க முடியாத தாயைப் பார்த்துக்கொள்பவர், கூட்டத்தின் இரைச்சலைத் தாங்க இயலாதவர், இரவு நேரக் கடை ஊழியர் ஆகியோர் வெளியே நிற்கிறார்கள். முப்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் மாநிலத்தில், கடும் போட்டி நிலவிய 2016-இலேயே ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,71,000 பேர்தான்.

தொலைபேசி வழியாகவும் பங்கேற்கலாம் என்று மாநிலக் கட்சி ஒரு திட்டம் தீட்டியது. கணினிப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தேசியக் கட்சி அதைச் சென்ற ஆகஸ்ட் இறுதியில் தடுத்துவிட்டது. அதற்கு மாற்றாக, ஆலைகள், முதியோர் இல்லங்கள், வெளிமாநிலங்கள் எனச் சில இடங்களில் துணைக் கூட்டங்களுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். அவை எண்பதுக்குச் சற்று மேல். ஒட்டும்வா நகரில் இறைச்சி ஆலைத் தொழிலாளர்களுக்காக நண்பகலில் ஒரு கூட்டம் நடக்க இருக்கிறது என்பது உண்மையிலேயே நல்ல செய்தி. எங்கள் மருத்துவமனைக்கு அப்படி ஒன்று இல்லை.

மின்னசோட்டா, கொலராடோ, வாஷிங்டன் ஆகிய மாநிலங்கள் இந்த ஆண்டு காக்கஸை விட்டுவிட்டு, சாதாரண வாக்குச்சீட்டு முறையிலான முதனிலைத் தேர்தலுக்கு மாறிவிட்டன. இங்கேயே குடியரசுக் கட்சியினர் தங்கள் காக்கஸில் சீட்டில் எழுதி இரகசியமாகப் போடுகிறார்கள். புதுக்குடிமகள் எழுப்பிய இரகசியம் பற்றிய கேள்விக்கு, பழகிவிடும் என்பது போதிய விடை ஆகாது. அவருடைய தந்தை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். மேலாளர் நல்லவராக இருப்பதை நம்பி ஒருவருடைய வாக்குரிமை இருக்கக் கூடாது.

நீங்கள் கட்டாயம் செல்லுங்கள். சென்று, கூட்டத்தின் இறுதியில் தீர்மானங்கள் முன்மொழியும் நேரம் வரும்வரை காத்திருந்து, இந்த முறையை மாற்ற வேண்டும் என்ற தீர்மானத்தை யாரேனும் கொண்டுவந்தால் அதற்கு ஆதரவாகக் கை உயர்த்துங்கள்.

---

ஏம்ஸ்வாசி, 2020 ஜனவரி 18

இரவுப்பணி அவர்கள் சொன்னதில் நேர நெருக்கடி பற்றிய பகுதியோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வாக்குச்சீட்டு முறைக்கு மாறும்போது இழக்கும் ஒன்றும் இருக்கிறது. சீட்டில் ஒருவருக்குத்தான் வாக்கு. நம் வேட்பாளர் தேறவில்லை என்றால் அந்த வாக்கு அதோடு முடிந்தது. இங்கே அடுத்த விருப்பத்துக்கும் இடம் உண்டு, காரணம் சொல்லி அடுத்தவரை மாற்றவும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் விருப்ப மனு வாங்கி, நேர்காணல் நடத்தி, தலைமை அறிவிக்கும் பட்டியலைத் தொண்டர்கள் மறுநாள் நாளிதழில் பார்த்துத் தெரிந்துகொள்வதைக் கண்டு வளர்ந்தவன் நான். வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்காரர்களே ஒரு பள்ளிக்கூட அரங்கில் நின்று வாதிட்டு முடிவு செய்வதை, அதன் குறைகளோடு சேர்த்தே நான் பெரிதாக மதிக்கிறேன்.

---

சட்டம்_அறிந்தவன் (சிகாகோ), 2020 ஜனவரி 18

கணவரைப் பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. அது எல்லாவற்றிலும் முக்கியமானது என்பதால் அழுத்தமாகச் சொல்கிறேன்.

காக்கஸ் பொதுக்கூட்டம், பார்வையாளராக யாரும் வரலாம். உங்கள் கணவரும் மகளும் பார்வையாளர் இருக்கைகளில் அமரலாம். ஆனால் கதவருகே தன்னார்வலர்கள் அவசரத்தில் எல்லோர் கையிலும் படிவத்தைத் திணிக்கக்கூடும். வாக்காளர் பதிவுப் படிவத்தில் குடிமகன் என்று குறிப்பிட்டுக் கையொப்பமிடும் இடம் உண்டு. குடிமகன் அல்லாத ஒருவர் அதில் கையொப்பமிட்டால், அது தவறுதலாக நடந்ததென்றே வைத்துக்கொண்டாலும், பிற்காலத்தில் அவருடைய குடியுரிமை விண்ணப்பத்தையும், நாட்டில் தங்கும் உரிமையையுமே பாதிக்கும். எனவே எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம், விருப்ப அட்டையை வாங்கவும் வேண்டாம், எண்ணும்போது எந்த அணிக்குள்ளும் நிற்க வேண்டாம்.

மற்றபடி, பச்சை அட்டை உடையவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம், பரப்புரையில் உழைக்கலாம். எச்1பி விசாவில் இருப்போர் நன்கொடை தரக் கூடாது. ஊதியம் பெறாமல் தொண்டு செய்யலாம். இந்த வேறுபாடு நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை.

---

புதுக்குடிமகள், 2020 பிப்ரவரி 5

விளக்கம் அளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டம் முடிந்து வந்த பின் எழுதுகிறேன். மாநில அளவிலான முடிவுகள் குழம்பிக் கிடப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நான் எங்கள் அரங்கில் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

கூடைப்பந்துக் கோடுகள் வரைந்த தரையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சுவரில் வேட்பாளர்களின் பெயர்ப்பலகைகளை ஒட்டியிருந்தார்கள். பைடன் பலகைக்குக் கீழே, நடைக்கோலை முன்னால் நிறுத்திக்கொண்டு முதியவர்கள் பலர் அமர்ந்திருந்தார்கள். சாண்டர்ஸ் பக்கம் பெரும்பாலும் இளைஞர்கள். என் மேலாளர் எதிர்ச் சுவரோரம் புட்டிஜெஜ் அணியில், கையில் பெயர்ப்பட்டியலோடு நின்றார். என்னைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டுத் தம் பட்டியலுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி நினைக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை, ஏனெனில் வாரன் அணி முதல் சுற்றில் வரம்பை எட்டவில்லை.

ஒவ்வொருவரும் தம் எண்ணை உரக்கச் சொல்லிக் கையை இறக்கிக்கொண்டே வந்தோம். கடைசி ஆளின் குரல் வந்ததும் சில பேர் குறைகிறார்கள் என்று தெரிந்தது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஒரு கல்லூரி மாணவி. குறிப்பேட்டைத் திறந்து, யார் யாருக்கு வாரன் இரண்டாவது விருப்பம் என்று வீட்டுக் கதவு தட்டியபோதே எழுதிவைத்திருந்த பட்டியலைப் பார்த்து, எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு திசைக்கு அனுப்பினார். குளோபுஷர் அணியும் யாங் அணியும் வரம்புக்குக் கீழே இருந்தன.

நான் அனுப்பப்பட்ட இடத்தில் குளோபுஷர் அணியைச் சேர்ந்த ஒரு பெண்மணி, தம் பேரக்குழந்தையின் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பேச வேண்டியதில்லை என்று இங்கே சொல்லியிருந்தீர்கள்; ஆனால் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. மகளைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்ட ஆண்டுகளில் எங்கள் வீட்டு வாடகைக்கு நிகரான தொகை அதற்கே போயிற்று என்றும், குடும்ப வருமானத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் யாரும் குழந்தைக் காப்பகத்துக்குச் செலவிடத் தேவையில்லாதபடி வாரன் ஒரு திட்டம் வைத்திருப்பதாகவும் சொன்னேன். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். ஐந்து கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துகளின் மீதான வரியிலிருந்து என்றேன். அது நாடாளுமன்றத்தில் தேறாது என்றார் அவர். தேறாமல் போகலாம், ஆனால் கேட்கவே இல்லையென்றால் ஒருபோதும் தேறாது என்றேன். அவர் சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, தம் மகளும் அதே செலவால்தான் வேலையை விட்டாள் என்று சொல்லி எழுந்து எங்கள் பக்கம் வந்தார். அவருடைய தோழி வரவில்லை; பைடன் அணிக்குச் சென்றுவிட்டார்.

யாங் அணியின் பதினேழு வயது மாணவன் ஒருவன், தன்னை மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுப்பதாக எந்த அணி உறுதி தருகிறதோ அங்கே தன் நண்பர்களோடு வருவதாகத் தெளிவாகச் சொன்னான். எங்கள் அணி ஒப்புக்கொண்டது. அவர்கள் வந்ததும் வரம்பைக் கடந்தோம். சொன்னபடியே அவனைப் பிரதிநிதியாகவும், என்னை மாற்றுப் பிரதிநிதியாகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

இரவுப்பணி அவர்களுக்கு: தீர்மானங்கள் வரும்வரை காத்திருந்தேன். காக்கஸுக்குப் பதிலாக முதனிலைத் தேர்தல் வேண்டும் என்ற தீர்மானத்தை ஓர் ஆசிரியர் கொண்டுவந்தார். அதற்குள் பெரும்பாலோர் வீடு திரும்பிவிட்டார்கள். இருந்தவர்களில் நானும் கை உயர்த்தினேன். பேசிப் பேசி ஒருவரை எங்கள் பக்கம் கொண்டுவந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் அன்று இரவு பணியில் இருந்த உங்களுக்கு அந்த அரங்கில் இடம் இல்லாததை அந்த மகிழ்ச்சி நியாயப்படுத்தாது என்றே எண்ணுகிறேன்.

ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தின் எண்ணிக்கை சரியாகத்தான் போய்ச் சேர்ந்ததா என்பதை எப்படி அறிவது? மாற்றுப் பிரதிநிதி இனி என்ன செய்ய வேண்டும்?

---

கணக்கர், 2020 பிப்ரவரி 8

முதல் சுற்று, இறுதிச் சுற்று, பிரதிநிதிக் கணக்கு என மூன்று எண்களையும் வெளியிடுவது இம்முறைதான் முதன்முறை. அவற்றை அனுப்பப் புதிதாக ஒரு கைபேசிச் செயலி கொண்டுவந்தார்கள். அது சரிவர இயங்கவில்லை. வட்டாரத் தலைவர்கள் தொலைபேசியில் சொல்ல முயன்றபோது இணைப்பும் நெரிசலில் சிக்கியது. எனவேதான் திங்கள் இரவு ஒரு முடிவும் வரவில்லை. செவ்வாய் மாலை 62 விழுக்காடு வட்டாரங்களின் எண்கள் வெளியாயின. வியாழனன்றுதான் முழுமை பெற்றன. சில வட்டாரங்களின் கணக்குத் தாள்களில் பிழைகள் இருப்பது தெரியவந்திருப்பதால், அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெற்றியாளரை அறிவிக்க மறுத்திருக்கிறது.

வட்டார மதிப்பு பற்றி நான் முன்பு எழுதியது இந்த முடிவில் அப்படியே தெரிகிறது. முதல் சுற்றில் நின்ற தலைகளை எண்ணினால் சாண்டர்ஸ் ஏறத்தாழ 6,000 பேர் முன்னே இருக்கிறார். பிரதிநிதிக் கணக்கிலோ புட்டிஜெஜ் மயிரிழையில் முந்துகிறார். இருவருமே வென்றதாகச் சொல்லிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் வட்டாரத்துக்கு வருவோம். கட்சியின் இணையதளத்தில் வட்டாரவாரியாக எண்கள் இருக்கின்றன. உங்கள் அரங்கில் அறிவிக்கப்பட்ட எண்களோடு அவற்றை ஒப்பிடுங்கள். உங்கள் ஒருங்கிணைப்பாளரின் குறிப்பேட்டில் இரு சுற்றுகளின் எண்களும் நிச்சயம் இருக்கும். கணக்குத் தாளைப் படம் பிடித்தவர்களும் இருப்பார்கள். வேறுபாடு தெரிந்தால் மாவட்டக் கட்சித் தலைவருக்கு எழுத்து வடிவில், படத்தை இணைத்து அனுப்புங்கள். கையொப்பமிட்ட அட்டைகள் கட்சியிடம் இருப்பதால், தேவைப்பட்டால் அவற்றைக் கொண்டு சரிபார்க்க முடியும்.

மாவட்ட மாநாடு மார்ச் 21, சனிக்கிழமை. பிரதிநிதி வராவிட்டால் அவருடைய இடத்தில் மாற்றுப் பிரதிநிதி அமர்த்தப்படுவார். அன்று ஒரு முழு நாள் ஆகும் என்பதால் பலர் வராமல் போவது வழக்கம். ஆகவே உங்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அங்கேயும் அணிகளுக்கு வரம்பு உண்டு, மறுபடியும் அணி சேர்தல் உண்டு. தீர்மானக் குழுவில் சேர விரும்பினால் இப்போதே மாவட்டக் கட்சிக்கு எழுதிவிடுங்கள். முதனிலைத் தேர்தல் கோரும் தீர்மானம் உங்கள் வட்டாரத்திலிருந்து வந்து சேர்ந்ததா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.